தரவுத்தள மென்பொருளும் இயல்புநிலை உள்ளமைவுக் கோப்பும்: தமிழ்த் தரவு நோக்கில் ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

பயனர் எதையும் குறிப்பிடாதபோது தானே மேற்கொள்ளும் முடிவுகள் பலவற்றை ஒவ்வொரு தரவுத்தள மென்பொருளும் தன்னுள் கொண்டுள்ளது. எழுத்துக் குறிமுறை, வரிசைமுறை, பொருந்தாத தரவு வரும்போது நடந்துகொள்ளும் விதம், தேடலுக்குரிய சொல்லின் குறைந்த அளவு நீளம் ஆகியவை அத்தகையன. இவை நிரலுக்குள் மறைந்து கிடப்பதைவிட, படிக்கத்தக்க உள்ளமைவுக் கோப்பாக மென்பொருள் தொகுப்புடன் வழங்கப்படுவதே தமிழ்த் தரவுக்குப் பாதுகாப்பானது என்பதை இக்கட்டுரை மைஎஸ்கியூஎல், மரியாடிபி, போஸ்ட்கிரெஸ்கியூஎல் ஆகிய மென்பொருள்களின் வரலாற்றைக் கொண்டு விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: தரவுத்தளம், உள்ளமைவுக் கோப்பு, இயல்புநிலை, ஒருங்குறி, வரிசைமுறை, முழுப்பனுவல் தேடல்.

முன்னுரை

அகராதி, நூலடைவு, கல்வெட்டுத் தொகுப்பு, சொல்லடைவு எனத் தமிழாய்வின் அடிப்படைக் கருவிகள் பலவும் இன்று தரவுத்தளங்களின்மேல் நிற்கின்றன. இவற்றை உருவாக்கும் ஆய்வாளர் பெரும்பாலும் மென்பொருளைத் தாமே நிறுவுவதில்லை. நிறுவுபவர் தமிழ்த் தரவின் தன்மையை அறிந்தவராக இருப்பதும் அரிது. ஆதலின் 'ன' எங்கே வரிசைப்பட வேண்டும், பொருந்தாத எழுத்து வந்தால் மென்பொருள் மறுக்க வேண்டுமா விழுங்க வேண்டுமா என்பன போன்ற வினாக்கள் இருவரிடையே விழுந்து கேட்பாரற்றுப் போகின்றன. கேட்கப்படாவிட்டாலும் அவற்றுக்கு விடை உண்டு. அவ்விடையை மென்பொருளை எழுதியவர் முன்னரே தந்துவிட்டார். அதுவே இயல்புநிலை எனப்படுவது.

உள்ளமைவுக் கோப்பு என்பது மென்பொருள் தொடங்கும்போது படித்துக்கொள்ளும் எளிய உரைக்கோப்பு. ஒவ்வொரு வரியிலும் ஓர் அமைப்பின் பெயரும் அதற்குரிய மதிப்பும் இருக்கும். அக்கோப்பு இல்லாவிடினும் மென்பொருள் இயங்கும். நிரலுக்குள் பொதிந்துள்ள மதிப்புகளை எடுத்துக்கொள்ளும். எனவே 'கோப்பு எதற்கு?' என்னும் வினா நிரலாளர் நோக்கில் நியாயமானதே. தரவின் நோக்கிலிருந்து அதே வினாவை எழுப்பும்போது விடை மாறுகிறது.

இயல்புநிலை யாருடைய முடிவு?

மைஎஸ்கியூஎல் சுவீடனில் தோன்றிய மென்பொருள். 5.7 வரையிலான அதன் பதிப்புகளில் நிரலுக்குள் இருந்த இயல்புநிலைக் குறிமுறை லத்தீன்-1. இயல்புநிலை வரிசைமுறை சுவீடிய மொழிக்குரியது. சுவீடிய நெடுங்கணக்கின் இறுதியில் வரும் மூன்று சிறப்பெழுத்துகள் இசட் என்னும் எழுத்துக்குப் பின்னரே வரிசைப்பட வேண்டும் என்பது அதில் பிழையின்றிப் பேணப்பட்டது. தாய்மொழியின் அகரவரிசையை மதித்த அச்செயலில் குறைகாண ஒன்றுமில்லை. ஆனால் அம்முடிவு உலகெங்கும் நிறுவப்பட்ட வழங்கிகளில் எவர் கண்ணிலும் படாமல் செயற்பட்டது. 2018இல் வெளிவந்த 8.0 பதிப்பில்தான் இயல்புநிலை ஒருங்குறிக்கு மாறியது.

லத்தீன்-1 அட்டவணையில் தமிழ் எவ்வாறு தங்கியது என்பதைச் சற்று விரித்துக் காண்பது தகும். யூ.டி.எஃப்-8 முறையில் தமிழ்த் தொகுதியின் ஒவ்வொரு குறியெண்ணும் மூன்று பைட்டு இடம் கொள்ளும். 'தமிழ்' என்னும் சொல் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியெண்களும் பதினைந்து பைட்டுகளும் கொண்டது. வழங்கியுடன் பேசும் இணைப்பும் லத்தீன்-1 ஆகவே இருந்தால், அப்பதினைந்து பைட்டுகளும் பதினைந்து ஐரோப்பிய எழுத்துகளாகக் கருதப்பட்டு மாற்றமின்றிச் சேமிக்கப்படும். திரும்ப எடுத்துத் திரையில் காட்டும்போது தமிழ் சரியாகவே தெரியும். அதனால்தான் இப்பிழை பல்லாண்டு மறைந்திருக்க முடிந்தது. மென்பொருளைச் சொல்லின் நீளம் கேட்டால் பதினைந்து என்னும். ஐம்பது எழுத்துக்கென ஒதுக்கிய புலத்தில் பதினாறு குறியெண்களே முழுமையாக அடங்கும். பதினேழாவது நடுவே வெட்டுப்பட்டுச் சிதையும். பின்னாளில் ஒருவர் நல்லெண்ணத்தோடு அவ்வட்டவணையை ஒருங்குறிக்கு மாற்றுமாறு கட்டளையிட்டால், ஒவ்வொரு பைட்டும் தனித்தனி ஐரோப்பிய எழுத்தாக மீண்டும் குறியேற்றப்பட்டுப் பனுவல் முழுதும் உருக்குலையும். புலத்தை முதலில் வெறும் பைட்டுத் தொடராக மாற்றி, பிறகே ஒருங்குறி என அறிவித்தல் வேண்டும். இதனை முன்னரே அறிந்தவருக்கு மட்டுமே இவ்வழி தெரியும்.

'இவ்வழங்கி லத்தீன்-1 குறிமுறையில், சுவீடிய வரிசைமுறையில் இயங்குகிறது' என்னும் ஒரு வரி, நிறுவிய அன்றே திறந்து படிக்கத்தக்க கோப்பில் இருந்திருந்தால், தமிழ்த் தரவை உள்ளிடவிருந்த எவரும் அவ்வரியில் நின்றிருப்பர்.

ஒரே பதிப்பு, இருவேறு நடத்தை

கோப்பு இருப்பதும் இல்லாததும் தரவின் உயிரையே தீர்மானிக்கும் என்பதற்கு மைஎஸ்கியூஎல் 5.6 தக்க சான்று. பொருந்தாத தரவு வரும்போது மறுப்பதா, இயன்றவரை ஏற்றுக்கொண்டு எச்சரிக்கை மட்டும் தருவதா என்பதை அம்மென்பொருளில் 'கண்டிப்பு முறை' என்னும் அமைப்பு முடிவுசெய்கிறது. 5.6 பதிப்பின் நிரலுக்குள் இருந்த இயல்புநிலையில் கண்டிப்பு முறை இல்லை. ஆனால் அப்பதிப்புடன் வழங்கப்பட்ட இயல்புநிலை உள்ளமைவுக் கோப்பில் கண்டிப்பு முறையை இயக்கும் வரி எழுதப்பட்டிருந்தது. அக்கோப்பு இருந்த வழங்கி கண்டிப்பானது. கோப்பு நீக்கப்பட்டிருந்தாலோ வேறொன்றால் மாற்றப்பட்டிருந்தாலோ அதே வழங்கி தளர்வானது.

இதன் விளைவு எளிதில் புலப்படும். லத்தீன்-1 புலமொன்றில் ஒருங்குறி இணைப்பு வழியாகத் 'தமிழ்' என்னும் சொல் உள்ளிடப்படுகிறது எனக் கொள்வோம். கண்டிப்பு முறையில் வழங்கி பிழையறிவித்து நின்றுவிடும். உள்ளிடுபவர் அக்கணமே காரணம் தேடுவார். தளர்வு முறையில் ஐந்து குறியெண்களுக்குப் பதிலாக ஐந்து வினாக்குறிகள் சேமிக்கப்படும். எச்சரிக்கை ஒன்று எழும். ஆனால் கேட்டால்தான் அது காட்டப்படும். முன்னர்க் கண்ட பைட்டுச் சிதைவை முயன்றால் மீட்கலாம். வினாக்குறியாகிவிட்ட எழுத்தை மீட்க எவ்வழியும் இல்லை. மூலச் சுவடியையோ அச்சுப் படியையோ மீண்டும் தட்டச்சு செய்ய வேண்டியதுதான்.

5.7 பதிப்பில் கண்டிப்பு முறை நிரலின் இயல்புநிலையாகவே ஆக்கப்பட்டது. இது பாராட்டத்தக்க முன்னேற்றம். ஆயினும் 2017இல் வந்த 5.7.18 முதல் இயல்புநிலைக் கோப்பு தொகுப்புகளிலிருந்து விலக்கப்பட்டது. நல்ல முடிவு நிரலுக்குள் சென்றது. அம்முடிவு இன்னதென்று நிறுவுபவர்க்குக் காட்டும் தாள் மறைந்தது.

தொகுப்பாளர் செய்த திருத்தமும் பின்னங்களின் சிக்கலும்

மென்பொருளை எழுதுவோர் ஒருவர். அதனைக் குறிப்பிட்ட இயங்குதளத்துக்கேற்பப் பொதிந்து வழங்கும் தொகுப்பாளர் வேறொருவர். மைஎஸ்கியூஎல்லின் கிளையான மரியாடிபியில் நிரலின் இயல்புநிலை நெடுங்காலம் லத்தீன்-1 ஆகவே இருந்தது. டெபியன் லினக்ஸ் வழங்கிய மரியாடிபி தொகுப்போ தன் உள்ளமைவுக் கோப்பில் நான்கு பைட்டு ஒருங்குறியை எழுதிவைத்தது. நிரலின் இயல்புநிலை வேறு, இங்கு அதனினும் முழுமையான ஒருங்குறியே தேர்ந்துகொள்ளப்பட்டது என்னும் விளக்கக் குறிப்பையும் அவ்வரிகளின்மேல் சேர்த்தது. நிரலைத் தொடாமல், ஒரு கோப்பின் வழியாகவே, தமிழ் உள்ளிட்ட அனைத்து மொழிகளுக்கும் பாதுகாப்புக் கிட்டியது. உள்ளமைவுக் கோப்பு ஏன் தொகுப்புடன் வர வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான விடை தேவையில்லை எனலாம்.

'நான்கு பைட்டு' எனச் சுட்டுவதற்குக் காரணம் உண்டு. மைஎஸ்கியூஎல்லில் யூ.டி.எஃப்-8 என்னும் பெயரில் முதலில் அமைந்தது மூன்று பைட்டு வரையே ஏற்றது. நான்கு பைட்டு ஏற்கும் வடிவம் 5.5.3 பதிப்பில், 2010இல், தனிப்பெயருடன் வந்தது. தமிழ் நெடுங்கணக்கு மூன்று பைட்டுக்குள் அடங்கிவிடுவதால் அவ்வேறுபாடு தமிழர்க்குப் பொருட்டன்று எனக் கருதப்பட்டது. ஆனால் பிராமி எழுத்துத் தொகுதியும் (2010) கிரந்தத் தொகுதியும் (2014) நான்கு பைட்டுப் பரப்பில் அமைந்தவை. 2019இல் வெளியான ஒருங்குறி 12.0இல் சேர்ந்த 'தமிழ் இணைப்பு' என்னும் தொகுதியும் அவ்வாறே. முந்திரி, காணி, மா முதலிய பின்னக் குறிகள், அளவைக் குறிகள், கணக்கு வழக்கில் பயின்ற குறியீடுகள் என 51 உருக்கள் அதில் உள்ளன. மூன்று பைட்டுப் புலத்தில், தளர்வு முறையில், நிலஅளவு கூறும் கல்வெட்டு வரி ஒன்று உள்ளிடப்பட்டால், பின்னக் குறி வரும் இடத்தோடு அவ்வரி துண்டிக்கப்படும். குறி மட்டுமன்று, அதன் பின்னுள்ள பாடம் அனைத்தும் இழக்கப்படும்.

நான்கு பைட்டுக் குறிமுறையோடு சிக்கல் தீர்ந்துவிடுவதில்லை. டெபியன் கோப்பில் அதனுடன் இணைந்து நெடுங்காலம் எழுதப்பட்டிருந்தது 'பொது' வரிசைமுறை. இவ்வரிசைமுறையில் நான்கு பைட்டுப் பரப்பின் எழுத்துகள் அனைத்தும் ஒரே மதிப்புடையவை. அதாவது முந்திரிக் குறியும் காணிக் குறியும் மென்பொருளுக்கு ஒன்றே. 1/320க்கும் 1/80க்கும் இடையே நான்கு மடங்கு வேறுபாடு உண்டென்பதைக் கணக்காயர் எவரும் மறவார். தரவுத்தளமோ ஒன்றைத் தேடினால் இரண்டையும் தரும். குறிகளின் பட்டியலில் இரட்டிப்புக்கு இடமில்லை என்று விதித்தால், முந்திரியை ஏற்றபின் காணியை 'ஏற்கெனவே உள்ளது' என்று மறுக்கும். கோப்பும் பிழைபடலாம் என்பதற்கு இதுவும் சான்றே. ஆனால் இப்பிழை எழுதப்பட்டிருந்தது. எழுதப்பட்டிருந்ததால் ஒரு வரியை மாற்றித் திருத்தக்கூடியதாகவும் இருந்தது.

இதே பொது வரிசைமுறை தமிழ் நெடுங்கணக்கைக் குறியெண் ஏறுவரிசையில் அடுக்குகிறது. ஒருங்குறித் தொகுதியில் 'ன' நகரத்தை அடுத்தும், 'ற' ரகரத்தை அடுத்தும், 'ள', 'ழ' இரண்டும் வகரத்துக்கு முன்னும் உள்ளன. விளைவாகப் 'பவளம்' முன்னும் 'பழம்' பின்னும் வர வேண்டிய அகராதியில் 'பழம்' முந்திக்கொள்ளும். 'வனம்' 'வலை'க்கு முன் நிற்கும். புள்ளியின் குறியெண் உயிர்க்குறிகளுக்குப் பின் அமைவதால் 'பக்கம்' 'பகல்' என்னும் மரபு வரிசையும் தலைகீழாகும். மைஎஸ்கியூஎல்லில் சிங்களத்துக்கெனத் தனி வரிசைமுறை உண்டு. தமிழுக்கெனத் தனியே ஒன்று இல்லை. இக்குறையைக் கோப்பு நீக்கிவிடாது. எந்த வரிசைமுறை பின்பற்றப்படுகிறது என்பதை வெளிப்படையாக அறிவிப்பதே அதனால் இயல்வது.

ஓரெழுத்தொருமொழியும் தேடலும்

முழுப்பனுவல் தேடலில் மிகச் சிறு சொற்களைச் சுட்டில் சேர்ப்பதில்லை என்பது பொதுவழக்கம். மைஎஸ்கியூஎல்லின் இன்னோடிபி சேமிப்புப் பொறியில் இயல்புநிலைக் குறைந்த அளவு மூன்று குறியெண். பழைய மையிசாம் பொறியில் நான்கு. ஆங்கிலத்துக்கு இது பொருந்தலாம். நன்னூல் 42 ஓரெழுத்தொருமொழிகளைக் கூறுகிறது. ஆ, ஈ, கை, தீ, பூ, கோ, நொ, து என அவற்றுள் எதனை எடுத்துக்கொண்டாலும் ஒன்று அல்லது இரண்டு குறியெண்ணே வரும். ஆக நாற்பத்திரண்டும் தேடல் சுட்டுக்கு வெளியே நிற்கின்றன. மையிசாம் பொறியில் கண், மண், கல் ஆகியனவும் விடுபடும். ஆனால் உயிர்க்குறி ஒன்று கூடியிருப்பதால் வில், நெல் ஆகியன இடம்பெறும். இப்பிரிவினைக்கு இலக்கண அடிப்படை எதுவும் இல்லை. எழுத்து என்பதை மாத்திரையாலோ அசையாலோ அளக்காமல் குறியெண்ணால் அளந்ததன் விளைவே இது.

சங்க இலக்கியத் தரவகம் ஒன்றில் 'பூ' என்று தேடி விடையேதும் வராதபோது, அது சொல் இல்லாமையா, சுட்டில் சேராமையா என்று ஆய்வாளர் எவ்வாறு அறிவார்? பிழைச்செய்தி எதுவும் எழுவதில்லை. வெற்று விடை வருகிறது. அவ்வெற்று விடையின்மேல் ஒரு சொல்லாட்சிப் புள்ளிவிவரம் எழுப்பப்படலாம், அது கட்டுரையாகலாம், மேற்கோளும் பெறலாம்.

இவ்வமைப்பை வழங்கி இயங்கிக்கொண்டிருக்கும்போது மாற்ற இயலாது. உள்ளமைவுக் கோப்பிலோ தொடக்கக் கட்டளையிலோ எழுதி, வழங்கியை மீண்டும் தொடக்கி, தேடல் சுட்டைப் புதிதாகக் கட்ட வேண்டும். மாற்றுவதற்குரிய இடம் கோப்பாகவே இருக்க, அக்கோப்பை வழங்காமல் விடுவது பூட்டைத் தந்து சாவியை மறப்பது போன்றது. சுட்டில் தவிர்க்கப்படும் சொற்களின் இயல்புநிலைப் பட்டியலும் (36 சொற்கள்) பெரும்பாலும் ஆங்கிலமே. 'ஒரு', 'இந்த', 'என்று' என்பன அதில் இல்லை என்பதும் கோப்பின் வழியாகவே தெரிய வேண்டியது.

போஸ்ட்கிரெஸ்கியூஎல் காட்டும் வழி

போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் தரவுத்தளத் தொகுதியை உருவாக்கும்போதே உள்ளமைவுக் கோப்பும் உருவாகிறது. பெரும்பாலான அமைப்புகள் அதில் செயலற்ற குறிப்பு வரிகளாக, இயல்புநிலை மதிப்புடன், சுருக்கமான விளக்கத்துடன் அச்சிடப்பட்டிருக்கும். படிப்பவர் மாற்ற விரும்பும் வரியின் முன்னுள்ள குறியை மட்டும் நீக்கினால் போதும். மேலும், ஒவ்வோர் அமைப்பின் நடப்பு மதிப்பும் எந்தக் கோப்பின் எத்தனையாவது வரியிலிருந்து வந்தது என்பதைக் கூறும் பட்டியலொன்றும் மென்பொருளுக்குள்ளேயே உண்டு. பாடபேதத்துக்குப் பிரதி காட்டும் பதிப்பாசிரியரின் செயலோடு இதனை ஒப்பிடலாம்.

2019இல் வந்த 12ஆம் பதிப்பில் தமிழுக்கான அடிச்சொல் பிரிப்பான் சேர்க்கப்பட்டது. ஆனால் எம்மொழிப் பிரிப்பான் இயல்புநிலையில் செயற்பட வேண்டும் என்பதை, நிறுவும் கணினியின் மொழிச்சூழலைப் பார்த்து மென்பொருள் தேர்ந்து கோப்பில் எழுதிவிடுகிறது. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ உள்ள வழங்கியின் மொழிச்சூழல் அமெரிக்க ஆங்கிலமாக இருந்தால் கோப்பில் ஆங்கிலமே எழுதப்படும். தமிழ்ப் பிரிப்பான் இருந்தும் பயன்படாது. ஆயினும் அவ்வரி கண்முன் இருக்கிறது. இம்மென்பொருளிலும் குறை இல்லாமல் இல்லை. குறிமுறையும் வரிசைமுறையும் உருவாக்கத்தின்போதே நிலைபெற்றுவிடுகின்றன. உள்ளமைவுக் கோப்பில் அவை இடம்பெறுவதில்லை. மொழிச்சூழல் எதுவும் குறிக்கப்படாத கணினியில் நிறுவினால் பைட்டுகளைச் சரிபார்க்காமல் ஏற்கும் குறிமுறையே அமையும். தமிழாய்வுக்கு மிக இன்றியமையாத இரண்டு முடிவுகளும் கோப்புக்கு வெளியே நிற்பது வருந்தத்தக்கது.

மறுப்புகள்

இயல்புநிலைக் கோப்பை எதிர்ப்போர் கூறும் காரணங்களுள் வலியது ஒன்று உண்டு. கோப்பு மூப்படையும், நிரல் வளரும். பழைய கோப்பு புதிய, சிறந்த இயல்புநிலையை மறைத்துவிடும். மைஎஸ்கியூஎல் 8.0இல் வினவல் தற்காலிகச் சேமிப்பு என்னும் வசதி நீக்கப்பட்டது; அதற்குரிய வரி பழைய கோப்பில் எஞ்சியிருந்த வழங்கிகள் தொடங்கவே மறுத்தன. அதற்கும் முன்னர், 64 மெகாபைட்டு நினைவகக் கணினிக்கு ஒன்று, ஓரிரு கிகாபைட்டுக் கணினிக்கு ஒன்று எனப் பல மாதிரிக் கோப்புகள் அம்மென்பொருளுடன் வந்தன. வன்பொருள் வளர, 'மிகப் பெரியது' எனப் பெயரிடப்பட்ட கோப்பே நகைப்புக்கிடமானது. அவை 5.6 காலத்தில் கைவிடப்பட்டன.

இம்மறுப்பைக் கூர்ந்து நோக்கினால், அது கோப்பின் உள்ளடக்கத்தைப் பற்றியதே அன்றிக் கோப்பின் இருப்பைப் பற்றியதன்று என்பது விளங்கும். நினைவக அளவு கணினிக்குக் கணினி மாறுவது. அதனை நிரலே கணித்துக்கொள்ளலாம். குறிமுறை, வரிசைமுறை, கண்டிப்பு, தேடற்சொல் நீளம் என்பன தரவின் பொருளோடு தொடர்புடையவை. கணினியைப் பார்த்து நிரல் கணிக்கக்கூடியவை அல்ல. முதல்வகையைக் கோப்பிலிருந்து நீக்குவதில் தவறில்லை. இரண்டாம் வகையை நீக்குவதே தவறு. மூப்பைப் பொறுத்தவரை, டெபியன் தொகுப்பு மேலாண்மை நெடுங்காலமாகப் பின்பற்றும் முறை போதுமானது. பயனர் திருத்திய உள்ளமைவுக் கோப்பைப் புதிய பதிப்பு மேலெழுதாமல், பழையதை வைத்துக்கொள்வதா புதியதை ஏற்பதா என்று வேறுபாட்டைக் காட்டிக் கேட்கிறது.

கோப்பு ஓர் ஆய்வு ஆவணம்

உ.வே.சாமிநாதையர் தம் பதிப்பு முன்னுரைகளில் எந்த ஏட்டுப்பிரதி எங்கிருந்து கிடைத்தது, எது குறையுடையது என்று எழுதிவைத்தார். அதனால்தான் அவர் கொண்ட பாடத்தைப் பின்வந்தோர் சோதித்தறிய முடிகிறது. மின்தரவகத்துக்கு அத்தகைய முன்னுரையின் ஒரு பகுதியை உள்ளமைவுக் கோப்பு தானாகவே ஆற்றுகிறது: எந்தக் குறிமுறையில் எழுத்துகள் சேமிக்கப்பட்டன, எவை ஒன்றெனக் கொள்ளப்பட்டன, எவை தேடலுக்குப் புறம்பாயின என்பவற்றை அது கூறும். தரவகத்தின் காப்புப்படியோடு அக்கோப்பையும் சேர்த்து வைப்பது வழக்கமாக வேண்டும். கோப்பே வழங்கப்படாத இடங்களில், நடப்பு அமைப்புகள் அனைத்தையும் பட்டியலிடச் சொல்லும் கட்டளை மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ்கியூஎல் இரண்டிலும் உண்டு. அதன் விடையை உரைக்கோப்பாகச் சேமிக்கலாம். பல நூறு வரிகளுள் தேவையானவற்றைத் தேடியெடுக்கும் சுமை அப்போது ஆய்வாளர்மேல் விழும்.

இச்சுமை தேவையற்றதன்று. மைஎஸ்கியூஎல்லின் காப்புப்படிக் கருவி அட்டவணைகளின் அமைப்பையும் குறிமுறையையும் தரவையும் எழுதித்தரும். தேடற்சொல்லின் குறைந்த அளவு நீளம் வழங்கிக்குரிய அமைப்பாதலால் அதனை எழுதித்தராது. ஒரு குழு அந்நீளத்தை ஒன்றாகக் குறைத்துச் சுட்டைச் செவ்வனே கட்டியிருந்தாலும், திட்டக்காலம் முடிந்து தரவகம் வேறொரு வழங்கிக்கு மாற்றப்படும்போது, சுட்டு அங்கே மூன்று என்னும் இயல்புநிலையில் மீண்டும் கட்டப்படும். பனுவல்கள் அனைத்தும் பிழையின்றி வந்துசேர்ந்திருக்கும், எண்ணிக்கையும் ஒத்திருக்கும். 'பூ' என்று தேடினால் மட்டும் ஒன்றும் வராது.